பணி விவரக் குறிப்பு: முள் எடுப்பவர்

செவ்வாய், வியாழன் இரவு ஏழு மணிக்கு
சிலோவே தீவின் தென்கோடியில், கெய்யோன் நகராட்சிப் பள்ளி மாடியில்
மனிதவள மேலாண்மை, ஓர் அறிமுகம்.
பதினோரு பேர். ஒரு ஹீட்டர்.
ஆசிரியர் கொதோய் கோட்டைக் கழற்றுவதே இல்லை.

முதல் வகுப்பில் எழுதிக்கொண்டேன்:
சரியான ஆள், சரியான இடம், சரியான நேரம்.
பகலில் நான் சால்மன் ஆலையின் அலுவலகத்தில்
விடுப்புக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குகிறவள்.
எனக்குத் தெரிந்து அந்த மூன்றும்
ஒரே நாளில் வேலைக்கு வந்ததில்லை.

இரண்டாம் வாரம் வீட்டுப்பாடம்:
ஒரு வேலையை எடுத்துக்கொள்.
செய்கிறவரைப் பார்க்காதே, வேலையைப் பார்.
எழுது.

வெள்ளை பூட்ஸ் மாட்டி, தலையுறையைக் காதுவரை இழுத்துவிட்டு
ஐந்தாம் வரிசையில் ரொசெந்தா மில்லலோன்கோ பக்கத்தில்
ஒரு ஷிப்ட் முழுக்க நின்றேன்.
இயந்திரம் விட்டுவைத்த முட்கள் அவள் பங்கு.
இடக்கை விரல்நுனி தடவும். வலக்கை இடுக்கி கவ்வும்.
சாய்த்து, இழுத்து, ஒரு தட்டு.
நிமிஷத்துக்கு மூன்று துண்டு என்று குறித்தேன்.
"நாலு," என்றாள் திரும்பாமல்.
"நீ தும்மியபோது ஒன்று போய்விட்டது."

பணியின் பெயர்: முள் எடுப்பவர்.
மேலதிகாரி: வரிசைக் கண்காணிப்பாளர்.
கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு.
சூழல்: நான்கு டிகிரி, ஈரம், இரைச்சல்.
உடல் நிலை: நிற்றல்.

அந்தச் சொல்லில் நானும் கொஞ்சம் நின்றேன்.
எத்தனை வருஷம் என்று கேட்கக் கட்டமில்லை.
முள்ளைக் கண்ணால் தேடாதே, கண் பொய் சொல்லும்
என்று அவள் சொன்னதற்கும்,
கையுறைமேல் இன்னொரு கையுறை போட்டால்
விரல் செவிடாகிவிடும் என்றதற்கும்
கட்டமில்லை.

வளம் என்று ஒரு சொல்.
ஆலை வாசலில் இரண்டு பலகைகள்,
ஒன்றில் கடல்வளம், மற்றதில் மனிதவளம்.
இரண்டின் கீழும் அன்றைய எண்ணிக்கை, சாக்பீஸில்.

மார்ச்சில் மதிப்பீடு. ஒன்றிலிருந்து ஐந்துவரை.
பத்தில் ஒருவருக்குத்தான் ஐந்து போடலாம் என்று
புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து மின்னஞ்சல்.
அகரவரிசையில் போட்டுக்கொண்டு போனேன்.
மில்லலோன்கோ வருமுன்பே
ஐந்துகள் தீர்ந்திருந்தன. நான்குகளும்.
மூன்று போட்டேன்.

தாளை வாங்கி
விரல்நுனியால் ஒருமுறை தடவினாள்.
"ஐந்து யாருக்கு?"
"ஹொவீத்தா அகீலாருக்கு. பார்ரியா சகோதரிகளுக்கு."
"நல்ல பிள்ளைகள்," என்றாள்,
"முதல் எழுத்திலேயே பிறந்தவர்கள்."

கடைசிக் கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும்:
அடுத்த ஐந்தாண்டில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
துறைமுகத்தின் மேல் மழை குறுக்காகப் போய்க்கொண்டிருந்தது.
வெகுநேரம் யோசித்தாள்.
"உட்கார்ந்து," என்றாள்.

அப்படியே எழுதினேன்.
மேலாளர் சிவப்பில் சுழித்து அனுப்பினார்:
இலக்கு அளவிடத்தக்கதாக இருக்க வேண்டும்.
அளந்தேன்.
உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், கால்கள் நான்கு,
இரண்டு மணிக்கொரு முறை பத்து நிமிஷம்.
பன்னிரண்டு ஸ்டூல் வேண்டுமென்று
கொள்முதல் பிரிவுக்கும் ஒரு படி.
பதில் இல்லை இன்னும்.

வீட்டுப்பாடம் திரும்பி வந்தது, ஏழுக்கு ஐந்து.
வேலையை எழுதச் சொன்னேன்,
ஆளை எழுதியிருக்கிறாய், என்று கொதோயின் கையெழுத்து.
அடுத்த வாரம் பாடம்: ஊக்கம்.

இரவு வீட்டில் மீன் பொரித்தேன்,
ஊழியருக்குப் பாதி விலையில் தரும் ஓரம் கிழிந்த துண்டு.
யார் கை பட்டதோ, உறையில் பெயரில்லை.
தட்டில் வைக்குமுன் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன்,
அவள் சொன்னபடி, கண்ணை மூடிக்கொண்டு.

மகன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே தின்றான்,
முள் இருக்குமா என்று
ஒரு வார்த்தை கேட்காமல்.